பெயர் போட வேண்டாம்

தூத்துக்குடி
16.1.1973

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை செசிலிக்கு அண்ணன் கயத்தான் ரோச் எழுதுவது. நானும் உன் மதினி பிலோமியும் இங்கே சுகம். மச்சானும் நீயும் மருமகள் ஜெசிந்தாவும் அங்கே சுகமென்று நம்புகிறேன். கொழும்பில் அரிசிக்குக் கஷ்டம் என்று பேப்பரில் போடுகிறான். நினைத்தால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் கண் அப்படியேதான். பொழுது இறங்கிவிட்டால் நான் ஒன்றுக்கும் உதவாதவன். பகலிலும் ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. நேரே வருகிறவனைத் தெரியும், பக்கத்தில் வருகிறவன் மேல் மோதிக்கொள்வேன். ஹார்பரில் மூட்டை எண்ணுகிற டாலி கிளார்க் வேலையை விட்டதிலிருந்து ஊருக்குச் சர்க்கரை வியாதி என்றுதான் சொல்லி வருகிறேன். அது நீ சொன்ன யோசனை. நல்ல யோசனைதான், ஒரு பயலும் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாண வீட்டில் ஜாங்கிரி வைக்க மாட்டேன் என்கிறார்கள், அது ஒன்றுதான் நஷ்டம்.

மதுரையில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். இது கீரை தின்றால் தீருகிற மாலைக்கண் இல்லையாம். குடும்பத்தில் வழிவழியாக இறங்குகிற வியாதி, எந்தத் தேசத்திலும் மருந்து கிடையாது என்றார். மருந்து வேண்டுமானால் முதலில் ஆராய்ச்சி நடக்க வேண்டும். அதற்குக் கண்ணின் உட்பக்கத்தைப் படம் பிடிக்கிற காமிரா ஒன்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். சுந்தர்சிங் சார் என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார், அவர் மகனுக்கும் இதே வியாதி. அவரும் நானும் சேர்ந்து இதற்கென்று ஒரு நிதிக் கமிட்டி ஆரம்பித்திருக்கிறோம். நான்தான் செயலாளர்.

டாக்டர் பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறார். பெரிய குடும்பம் ஒன்று, யார் யாருக்கு இந்தக் குறை இருந்தது என்று தலைமுறை வாரியாக ஒளிக்காமல் எழுதித் தரவேண்டுமாம். அம்மா கடைசிக் காலத்தில் உன்னோடுதானே இருந்தாள். உனக்குத் தெரிந்ததை எழுது. டாக்டரிடம் மட்டும் கொடுக்கிறேன்.

சந்தோஷமான சேதி ஒன்று. தோணிக்கார மிக்கேல் மச்சாது வீட்டில் ஜெசிந்தாவின் போட்டோவைக் காட்டினேன். இளைய மகன் ரெஜிஸுக்குக் கேட்கிறார்கள். பையன் தங்கம். அடுத்த தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அந்தப் பிள்ளை இந்த ஊருக்கு வந்து தீர்க்கட்டும். உடனே பதில் போடு.

அண்ணன்,
கயத்தான்


கொழும்பு
11.2.1973

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் செசிலியின் நமஸ்காரம். நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரி வைக்கிறேன்.

மச்சாது வீட்டுச் சம்பந்தம் என்றதும் உங்கள் மச்சான் கடையை அரை நாள் மூடிவிட்டார். இந்த ஊரில் எங்களுக்கு இனி என்ன இருக்கிறது அண்ணா? விடியுமுன் பாண் ரொட்டி வரிசையில் நிற்கிறேன். கூப்பன் அரிசி மூன்று நாளைக்கு வரும். கடை இன்னும் எத்தனை நாள் என்று அவருக்கே தெரியவில்லை. இவள் ஒருத்தியை ஊரோடு சேர்த்துவிட்டால் நாங்கள் எப்படியும் கிடப்போம். இவளுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. இது தவறினால் இன்னொன்று வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

டாக்டர் கேட்ட விவரம் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அம்மா அதெல்லாம் பேச மாட்டாள், உங்களுக்குத் தெரியாததா? கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்தக் கமிட்டியை ஓரமாக வைக்கக் கூடாதா? நீங்கள் கண் கண் என்று ஊர் சுற்றினால் சர்க்கரை என்று சொல்வதை எவன் நம்புவான்?

தங்கை,
செசிலி


தூத்துக்குடி
26.4.1973

அன்புத் தங்கை செசிலிக்கு. ஈஸ்டர் பண்டிகை கழிந்தது. இரண்டு பேரும் சுகமாயிருக்கிறோம், மதினிக்கு மட்டும் முழங்கால் வலி. உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிவிட்டது. பதில் எழுத முடியாதபடி அலைச்சல்.

கமிட்டியை ஓரமாக வைக்கச் சொன்னாய். அது தானாகவே ஓரத்தில்தான் கிடக்கிறது. திரேஸ்புரத்தில் வீடு வீடாகப் போனோம். விளாத்திகுளம் வரை பஸ்ஸில் போய் வந்தோம். கண் ஆபரேஷனுக்கு என்றால் ஜனங்கள் கொடுக்கிறார்கள். கட்டு அவிழ்த்ததும் கிழவனுக்குப் பார்வை வருகிறது, கொடுத்தவனுக்குத் திருப்தி. ஆராய்ச்சி என்றால் "மருந்து எங்க வச்சிருக்கியோ?" என்று கேட்கிறார்கள். மருந்து இல்லாததால்தான் ஆராய்ச்சி என்று சொல்லிச் சொல்லிச் சுந்தர்சிங் சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கொடுக்கிறவர்களும் பெயரைச் சொல்ல மறுக்கிறார்கள். காயல்பட்டினத்தில் அஹமது கபீர் என்று ஒரு பெரியவர் கவரைக் கையில் வைத்து அழுத்தினார். ரசீது எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "பேரு வேண்டாம் தம்பி, எனக்கு மூணு பேத்தி" என்றார். இந்த நிதிக்குக் கொடுத்தால் அந்த வியாதி இவன் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடுகிறது. ஆகவே இருக்கிறவன் ஒளிந்துகொண்டு கொடுக்கிறான், இல்லாதவன் கொடுப்பதே இல்லை.

டாக்டர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார், குடும்பப் பட்டியலைச் செயலாளர் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாமே என்று. எனக்குச் சர்க்கரைதான் சார் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த மனிதர். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஜெசிந்தாவுக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
கயத்தான்


கொழும்பு
20.6.1973

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம், சுகமறிய ஆவல். மதினி முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு இன்பமணி டீச்சர் ஊருக்கு வருகிறாள். சுங்கத்தில் பிடிக்காமலிருக்க அவள் காதில் போட்டிருப்பது நம் முத்துக் கம்மல். அப்பா முத்துக்குளிப்பு ஏலத்தில் முத்து எடுத்து அம்மாவுக்குச் செய்தாரே, அதேதான். அவள் கழற்றித் தருவாள். விற்று உங்கள் நிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்காதீர்கள். இது ஜெசிந்தாவுக்கென்று வைத்திருந்ததுதான். அவளே கொடுக்கச் சொன்னாள். தையல் வகுப்பையும் விட்டுவிட்டாள், வீட்டோடு இருக்கிறாள். பிள்ளை மனது, ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் போகட்டும் என்று நினைக்கிறது.

பெயர் போட வேண்டாம். காயல்பட்டினத்துப் பெரியவரைப் போல் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
செசிலி


தூத்துக்குடி
9.8.1973

அன்புத் தங்கை செசிலிக்கு. மாதா திருவிழா நல்லபடி முடிந்தது. கூட்டத்தில் போய் வந்து எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது குணம்.

உன் கம்மல் செய்த வேலையைக் கேள். முத்துக்குளிப்பு நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறதா, அப்படிப்பட்ட முத்து இப்போது கடையில் கிடையாது. நல்ல விலைக்குப் போயிற்று. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. இங்கே பங்களா கட்டி உட்கார்ந்திருக்கிறவன் பத்து ரூபாய்க்குப் பல்லைக் கடிக்கிறான், பாண் வரிசையில் நிற்கிற என் தங்கை காதுக் கம்மலைக் கழற்றித் தருகிறாள். இதை நாலு பேர் அறிந்தால்தான் ரோஷம் வரும் என்று தோன்றியது. திருவிழாவுக்கு அடித்த நோட்டீஸில் முதல் வரியாகவே போட்டேன்: "கொழும்பு செசிலி அம்மாள், தன் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த முத்துக் கம்மல்." ஆயிரம் நோட்டீஸ். தேர் சுற்றி வருமுன் தீர்ந்துவிட்டது.

நீ வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய். அது உன் அடக்கம். கோபித்துக்கொள்ளாதே. ஒளிந்து ஒளிந்து வாங்கி எனக்குச் சலித்துவிட்டது செசிலி. ஒரு பெயரையாவது வெளிச்சத்தில் போட வேண்டும் போல் இருந்தது.

அண்ணன்,
கயத்தான்


கொழும்பு
24.8.1973

அண்ணா,

ஏன் இப்படிச் செய்தீர்கள்? மகளின் கல்யாணத்துக்கு வைத்தது என்று எதற்காகப் போட்டீர்கள்? மச்சாது வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உடனே விசாரித்து எழுதுங்கள்.

செசிலி


தூத்துக்குடி
14.9.1973

அன்புத் தங்கை செசிலிக்கு. நலம் விசாரிக்கிற நிலையில் நீயும் இல்லை, நானும் இல்லை.

நீ பயந்தது போலவே ஆயிற்று. மச்சாதுவின் மனைவி அந்த நோட்டீஸை மடித்து வைத்துக்கொண்டு என்னை வரச்சொன்னாள். கல்யாணப் பெண்ணின் கம்மலைக் கழற்றி ஒரு தாய் கண் நிதிக்கு எதற்குக் கொடுப்பாள், பெண்ணுக்கே கண்ணில் குறையா என்று கேட்டாள். நான் அதை ஏன் யோசிக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. தங்கை பெருமையை ஊருக்குக் காட்டப் போன பைத்தியக்காரன் நான்.

மச்சாதுவும் கேட்டார். பெண் பொழுது சாய்ந்தால் படியில் தடுமாறுகிறாளா, டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே போகிறதா, நிலைப்படியைக் காலால் தேடுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாதா மேல் சத்தியம் பண்ணினேன். எனக்கு இருப்பது சர்க்கரை, என் மருமகளுக்கு எந்தக் குறையும் கிடையாது என்று சத்தியம் பண்ணினேன். முதல் பாதி பொய் என்று தெரிந்தேதான் பண்ணினேன், இரண்டாவது பாதி நிஜம் என்ற தைரியத்தில்.

இப்போது சமாதானமாகிவிட்டார்கள். கொழும்பு டாக்டர் ஒருவரிடம் ஜெசிந்தாவின் கண்ணைக் காட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்பினால் போதும் என்கிறார்கள். உடனே அனுப்பு. அந்தச் சத்தியம் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. அதோடு முடியட்டும்.

அண்ணன்,
கயத்தான்


கொழும்பு
19.10.1973

அன்புள்ள அண்ணனுக்கு.

ஒரு மாதமாக இதை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். சர்டிபிகேட் அனுப்ப முடியாது. இரண்டு வருடமாக ஜெசிந்தாவுக்குப் பொழுது சாய்ந்தால் தெரிவதில்லை. தையல் வகுப்பிலிருந்து வரும்போது பஸ்ஸில் அடிபடப் பார்த்தாள், அதனால்தான் நிறுத்தினேன். மச்சாது கேட்ட மூன்றும் நிஜம்.

உங்களிடம் மறைத்தேன். தெரிந்தால் அந்த வீட்டில் போய்ப் பேச உங்களுக்கு நாக்கு எழாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் சத்தியம் பண்ணுகிற அளவுக்குப் போவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பாவம் என்மேல் இருக்கட்டும்.

அவளுக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டால் பிறகு கண் போனாலும் போகட்டும், கைபிடிக்க ஒருவன் இருப்பான் என்று நினைத்தேன். தாய்க்கு வேறு என்ன தோன்றும்? இனி உங்கள் இஷ்டம். சொல்லாமலிருந்தால் கல்யாணம் நடக்கும். சொன்னால் நடக்காது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

செசிலி


தூத்துக்குடி
22.11.1973

அன்புத் தங்கை செசிலிக்கு. மதினி சுகம். நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்து, நாலாம் நாள் மச்சாது வீட்டுக்குப் போனேன். என் கண் சர்க்கரையால் கெட்டதில்லை, பெண்ணுக்கும் இருக்கிறது, நான் பண்ணினது பொய்ச் சத்தியம் என்று சொன்னேன். வெளியே போடா என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மூத்த மகன் வந்தான். மெட்ராஸில் வேலை என்று ஐந்து வருடமாக ஊருக்குச் சொல்லிவரும் மகன். சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றான். அந்த மூன்று கேள்வியும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மச்சாது சொன்னது இது: "ஒம்ம வீட்லயும் இருக்கு, எங்க வீட்லயும் இருக்கு. நாளைக்கி ஒருத்தர ஒருத்தர் கொறை சொல்ல முடியாதுல்லா. பொறவு என்ன வே, நாளக் குறிச்சிருவோம்."

செசிலி, ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் முகம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் டாக்டர் சொன்னது காதில் இருக்கிறது. பெண்ணுக்கு வியாதி இருந்து, மாப்பிள்ளை ரத்தத்திலும் அது ஓடினால், பிறக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம். ரெஜிஸுக்குப் பார்வை இருக்கிறது, ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் சுவரைத் தடவுவதற்கு நான் முன்னால் நின்று தாலி எடுத்துக் கொடுக்க வேண்டுமா? தாய்மாமன் முன்நிற்காமல் நம் சனத்தில் பெண் கொடுப்பதில்லை. நான் முன்நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ சரி என்று சொல்லியிருப்பாய், உன் சொல்லைத் தட்ட எனக்குத் தைரியம் இருந்திருக்காது. அதனால் கேட்கவில்லை. என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

அண்ணன்,
கயத்தான்


தூத்துக்குடி
30.1.1974

அன்புத் தங்கை செசிலிக்கு. நீ, மச்சான், ஜெசிந்தா சுகமா? கிறிஸ்மஸுக்கு உன் வாழ்த்து வரவில்லை. தபால்காரரைக் கேட்டேன், கொழும்புத் தபால் ஒழுங்காகத்தான் வருகிறதாம்.

ரெஜிஸுக்கு மணப்பாட்டில் பெண் பார்த்துக் கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பங்குச் சுவாமி கேட்டார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அந்த வீட்டுக்கு யார் சொல்வது? எனக்குச் சக்தி இல்லை. உன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று நீ சொன்னால் அதுவும் சரிதான்.

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, எனக்குச் சர்க்கரை இல்லை, இதே வியாதிதான் என்று சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். சுந்தர்சிங் சார் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டார். காமிராவுக்குப் பாதிதான் சேர்ந்திருக்கிறது. டாக்டர் தாளில் என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். மேலே யார், கீழே யார் என்று கேட்கிறார். எனக்கு ஒருவரையும் தெரியவில்லை.

அண்ணன்,
கயத்தான்


தூத்துக்குடி
18.4.1974

அன்புத் தங்கை செசிலிக்கு ஈஸ்டர் வாழ்த்து. எல்லாரும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். என்னால் கோடு பார்த்து எழுத முடியவில்லை, சொல்லச் சொல்ல உன் மதினி எழுதுகிறாள். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தினம் பத்து மணிக்குத் தபால்காரர் வருவார். அது வரைக்கும் வாசலில் இருப்பேன்.

அண்ணன்,
கயத்தான்

செசிலி, இது மதினி. இவர் சொல்லாமல் நானாக எழுதுகிறேன். பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கிறார்.


கொழும்பு
3.7.1974

தகப்பன் வழிப் பெரியப்பா சவேரியார் ரோச். சங்கு குளிக்கிற தோணிகளுக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி. நாற்பது வயதுக்கு மேல் சாயங்காலம் கரை இறங்கினால் விழுவார். குடி என்று ஊர் பேசியது. அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை.

அவர் மகன் லியோ. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் அடி வாங்கி நிறுத்தப்பட்டவன். முட்டாள் என்றார்கள்.

அப்பாவின் கடைசித் தங்கை நத்தாலி அத்தை. பத்தொன்பது வயது. விளக்கு வைக்கிற நேரத்தில் தண்ணீர் எடுக்கப் போய்க் கிணற்றில் விழுந்தவள். நீங்கள் அப்போது சிறுபிள்ளை, நான் கைக்குழந்தை. தானாக விழுந்தாள், ஏதோ காதல் என்று பேசினார்கள். சுவாமி கேட்டபோது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தற்கொலை என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள்.

அவளுக்கு மாலையில் கண் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அத்தை சுவருக்கு உள்ளே கிடந்திருப்பாள், எனக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. இதை அம்மா சாகிறதற்கு முந்தின நாள் என்னிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். பதினொரு வருடம் சொல்லவில்லை.

அண்ணன் கயத்தான் ரோச். பிறகு என் மகள் ஜெசிந்தா, இருபத்தி மூன்று வயது. இவள் அப்பா என் சொந்த அத்தை மகன், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அண்ணா, உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இந்தத் தாளை வாசித்துக் காட்டியபோது ஜெசிந்தா நத்தாலி அத்தையைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அத்தைக்குத் தன் வயதுகூட இல்லையே என்றாள். பிறகு நான் போகிறேன் அம்மா, அந்த டாக்டர் என் கண்ணைப் பார்க்கட்டும் என்றாள். பதினெட்டாம் தேதி கப்பலில் ராமேஸ்வரம் வருகிறாள். பகல் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

டாக்டர் இதைப் பார்த்து எழுதிக்கொண்டதும், அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். அதைப் பங்குச் சுவாமியிடம் கொடுத்து, எங்கள் அத்தை கால் தவறித்தான் விழுந்தாள் என்று சொல்லுங்கள். அவளை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

செசிலி